இரண்டு வார்த்தை வசனம்

அவனுடைய மகள் போன வாரம் போன் செய்தாள். கல்லறைக்குக் கல் தயாராகிக்கொண்டிருக்கிறதாம். பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் கொடுத்தாயிற்று. கீழே ஒரு வசனத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். "மாமா, எந்த வசனம் போடலாம்னு நீங்களே சொல்லுங்க. அப்பாவுக்கு எது பிடிக்கும்னு எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். ஆனா சின்னதா இருக்கணும், கல்லுல இடம் கொஞ்சம்தான் இருக்கு" என்றாள். சனிக்கிழமைக்குள் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். இன்று வியாழன்.

சின்ன வசனம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குக் கேட்டிருக்காது என்று நம்புகிறேன்.

எங்கள் சிநேகம் தொடங்கியதே ஒரு சின்ன வசனத்தில்தான். அப்போது இருவருக்கும் எட்டு வயது. ஞாயிறு பள்ளியில் வாரா வாரம் ஒரு மனப்பாட வசனம் சொல்ல வேண்டும். சொன்னால் டீச்சர் வருகைப் பதிவேட்டில் நம் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம் ஒட்டுவார். அந்த வாரம் நான் எதையும் படிக்கவில்லை. படிக்காத பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த குறுக்குவழி எனக்கும் தெரியும்: யோவான் 11:35. எழுந்து நின்று "இயேசு கண்ணீர் விட்டார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வேதத்திலேயே சின்ன வசனமாத் தேடிப் பிடிச்சியோ?"

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். "டீச்சர், அதைவிடச் சின்னது இருக்கு."

புதிதாகச் சேர்ந்த பையன். சட்டையில் பித்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்ததால் காலர் ஒரு பக்கம் காதுவரை ஏறியிருந்தது. "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள். ஒண்ணு தெசலோனிக்கேயர் அஞ்சு பதினாறு. ரெண்டே வார்த்தை."

நட்சத்திரம் அவனுக்குப் போனது. எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவனை வெறுத்தேன். அடுத்த ஞாயிறு அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உன் வசனத்துல மூணு வார்த்தை இருந்தாலும் கதை இருக்கு. என்னோடதுல கதையே இல்லை" என்றான். சமாதானப் பேச்சுவார்த்தை அவ்வளவுதான். அதிலிருந்து 54 வருஷம்.

பெரியவர்களான பிறகும் இந்தச் சண்டை ஓயவில்லை. பவுலும் யோவானும் வசன எண் போட்டு எழுதவில்லை என்பதை எங்கோ படித்துவிட்டு ஒருநாள் ஓடிவந்தான். அதிகாரங்களாகப் பிரித்தது 13-ம் நூற்றாண்டு. புதிய ஏற்பாட்டில் இப்போது நாம் பார்க்கும் வசன எண்கள் முதலில் வந்தது 1551-ல், ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் ஜெனீவாவில் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில். பாரிஸிலிருந்து லியோனுக்குப் போகும் குதிரைப் பயணத்தில் அப்பா இந்த வேலையைச் செய்தார் என்று அவர் மகன் எழுதி வைத்திருக்கிறார். இவனுக்கு அது போதாதா? "குதிரை துள்ளின இடத்துல பேனா கோடு போட்டிருக்கு. அப்படி வந்ததுதான் உன் வசனம். என்னோடது அவர் இறங்கி நின்னு யோசிச்சுப் பிரிச்சது" என்பான். சபையில் புதிதாக யார் வந்தாலும் இந்தக் கதையை அவர்களிடம் சொல்லாமல் விடமாட்டான்.

அவனைப் பற்றி அடக்க ஆராதனையில் பேசியவர்கள் எல்லோரும் நல்லதாகவே பேசினார்கள். அதில் தப்பில்லை. ஆனால் கேட்கக் கேட்க அவன் எனக்குத் தெரியாத யாரோ ஒருவனாகிக்கொண்டே போனான். ஒருவர்கூட அவன் பாடுவதைப் பற்றிச் சொல்லவில்லை. அவனுக்குச் சுருதி சேராது. அதைவிட, எப்போதும் சபையைவிட அரை வரி பின்னால் வருவான். கேட்டால், வார்த்தையைப் படித்து அர்த்தம் மனசில் ஏறின பிறகுதான் வாயைத் திறப்பானாம். அதனால் ஒவ்வொரு சரணமும் முடிந்து ஆர்கன் நின்றபிறகு, அந்த அமைதியில் கடைசி வார்த்தை மட்டும் இன்னொரு முறை தனியாகக் கேட்கும். சின்னப் பிள்ளைகள் அதற்காகவே காத்திருந்து சிரிப்பார்கள். இப்போது பாட்டு முடிந்தால் முடிந்துவிடுகிறது. அந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நான் பாட்டுப் புத்தகத்தை மூடித் திறக்கிறேன்.

இரண்டு பேர் எங்களைத் தாவீதும் யோனத்தானும் என்றார்கள். போதகரும் அதே பகுதியைத்தான் வாசித்தார். யோனத்தானுடைய ஆத்துமா தாவீதின் ஆத்துமாவோடே ஒன்றாய் இசைந்திருந்தது. கேட்க நன்றாக இருந்தது, எனக்குக் கூச்சமாகவும் இருந்தது. யோனத்தான் தாவீதோடு நான்கு வருஷம் பேசாமல் இருந்ததாக வேதத்தில் இல்லை.

நாங்கள் இருந்தோம். அவன் சபையின் பொருளாளராக இருந்த சமயம். ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு வாசித்தபோது ஒரு தொகை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தது. தனியாகப் போய்க் கேட்டிருக்கலாம். நான் எழுந்து, எல்லோர் முன்னாலும், குரலில் கொஞ்சம் கூடுதல் நியாயத்தோடு கேட்டேன். அது நகல் எடுத்தவரின் பிழை என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பத்து நிமிஷம் அவன் முகத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் பார்த்தான். அன்றைக்கு அந்தப் பார்வையைக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். கோபமாக இருந்திருந்தால் சீக்கிரம் தீர்ந்திருக்கும்.

அதன் பிறகு நான் உட்காரும் பக்கத்தை மாற்றிக்கொண்டேன். நான்கு வருஷம். ஒரே கூரையின் கீழ் ஒரே அப்பத்தையும் ரசத்தையும் வாங்கிக்கொண்டு, வெவ்வேறு வாசல் வழியாக வீட்டுக்குப் போனோம். எங்களுக்குப் பொருந்துகிற ஜோடி பவுலும் பர்னபாவும்தான். மாற்குவைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதில் இருவருக்கும் கடுங்கோபம் மூண்டு பிரிந்தார்கள் என்று அப்போஸ்தலர் 15-ல் ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. யார் பக்கம் நியாயம் என்று லூக்கா சொல்லவில்லை. பின்னால் பவுல் சிறையிலிருந்து, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிற இடம் வருகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் நடுவில் எத்தனை ராத்திரி அந்த மனுஷன் தூங்கியிருக்க மாட்டார் என்று எண்ணிக்கொள்வேன்.

ஒரு திருவிருந்து ஞாயிற்றுக்கு முந்தின சாயங்காலம், மத்தேயு ஐந்தாம் அதிகாரம் என்னைப் பிடித்துக்கொண்டது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகு. இந்த வசனத்தை நானே மற்றவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். சட்டையை மாட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன, கணக்குப் பார்க்க வந்தியா?"

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பு எதுவும் வாயிலிருந்து வரவில்லை. அவன் உள்ளே திரும்பி, மனைவியிடம், "அந்த மூணு வார்த்தைக்காரன் வந்திருக்கான்" என்றான்.

அவன் போன பிறகு அவன் மனைவி எனக்குக் கொடுத்தது அவனுடைய ஜெபக் குறிப்பு நோட்டு. தினமும் யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று பெயர்களை எண் போட்டு எழுதி வைத்திருப்பான். திறக்கும்போது எனக்கு ஒரு எதிர்பார்ப்பு இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அந்த நான்கு வருஷமும் என் பெயர் அப்படியே இருந்திருக்கும், பேசாமலே இருந்தாலும் எனக்காக ஜெபித்திருப்பான், அதைப் பார்த்து நான் அழுவேன் என்றெல்லாம் நினைத்திருந்தேன். 3-ம் எண்ணில் என் பெயர் இருந்தது. பேனாவால் அழுத்தி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கோடு போட்டு அடித்திருந்தது. பின் பக்கத்தில் அச்சு விழும் அளவுக்கு அழுத்தியிருக்கிறான். புரட்டிக்கொண்டே போனேன். 41-ம் எண்ணில், வேறு மையில், மறுபடி என் பெயர். அதற்கு மேலே 40-ல் யாருடைய பெயர் என்று பார்த்தால், அவர்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்ய வந்தவர்.

அழுகை வரவில்லை. நன்றாகச் சிரித்தேன். அடித்ததும் அவன்தான், திரும்ப எழுதியதும் அவன்தான். மூன்றாம் இடத்தைத் திரும்பக் கொடுக்காமல் வரிசையில் கடைசியில் நிற்க வைத்ததும் அவன்தான்.

கடைசி எட்டு மாதம் நுரையீரல் இறுகிக்கொண்டே போனது. கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். மூச்சு போதாமல் இரண்டு இரண்டு வார்த்தையாகப் பேச ஆரம்பித்தான். "பார்த்தியா... ரெண்டு வார்த்தை... எவ்வளவு வசதி" என்று அதையும் விடவில்லை. சாயங்காலம் போய் வேதம் வாசிப்பேன். வருகிறவர்கள் எல்லோரும் 23-ம் சங்கீதம் வாசித்துவிட்டுப் போவதால் அது வேண்டாம் என்று கையை ஆட்டிவிடுவான். அவன் கேட்பது ரோமர் 16. முழுக்கப் பெயர்கள். இன்னாரை வாழ்த்துங்கள், இன்னாரை வாழ்த்துங்கள் என்று பவுல் சொல்லிக்கொண்டே போகும் அதிகாரம். பாடம் நடத்துகிறவர்கள் வழக்கமாகத் தாண்டிப் போகிற இடம். ரூபையும், எனக்கும் தாயாகிய அவனுடைய தாயையும் என்று வரும்போது ஒரு விரலைத் தூக்குவான். அங்கே நிறுத்த வேண்டும். அவனுக்கு அம்மா சிறு வயதிலேயே போய்விட்டார். என் அம்மாதான் அவனுக்கும் ஆக்கிப்போட்டது. அந்த விரலுக்கு அதற்கு மேல் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

14-ம் வசனத்தில் அசிங்கிரீத்து என்று ஒரு பெயர் வரும். ஒருநாளும் எனக்கு ஒழுங்காக வாயில் நுழைந்ததில்லை. நான் தடுமாறும்போது அவன் தோள் குலுங்கும். சிரித்தால் இருமல் வரும், இருமினால் மனைவி ஓடி வருவார். ஆனாலும் மறுநாளும் அதையேதான் கேட்பான். "பெயர் மட்டும்... போதும். அவன் என்ன செஞ்சான்... யாருக்கும் தெரியாது. ஆனா பெயர்... இருக்கு" என்று ஒருநாள் சொன்னான். இரண்டு இரண்டு வார்த்தையாக, நடுநடுவே இயந்திரம் சத்தம் போட, அதைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. அசிங்கிரீத்துவைப் பற்றி வேதத்தில் வேறெங்கும் ஒரு வார்த்தை கிடையாது. பிறகு தேடிப் பார்த்தேன்.

அடக்க ஆராதனையில் நான் அழுதேன். கொஞ்சமாக இல்லை, தோளெல்லாம் குலுங்க. பக்கத்திலிருந்தவர் என் கையைப் பிடித்து, "அழாதீங்க அண்ணே. நாம நம்பிக்கையில்லாதவங்க மாதிரி அழக்கூடாது" என்றார். அன்போடுதான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். இங்கே எழுதுகிறேன்: பவுல் அப்படிச் சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து இருக்க வேண்டாம் என்கிறார். துக்கமே வேண்டாம் என்று அவர் எழுதவில்லை. அவனுடைய வசனம் இருக்கும் அதே ஒன்று தெசலோனிக்கேயர்தான் அந்தக் கடிதம். அதை கி.பி. 50-ஐ ஒட்டி எழுதியிருப்பார் என்கிறார்கள். பவுலின் கடிதங்களில் அதுதான் முதலாவது என்பது பெரும்பாலானவர்களின் கருத்து. கர்த்தர் சீக்கிரம் வந்துவிடுவார் என்று காத்திருந்த ஒரு சின்னச் சபையில் யாரோ சிலர் செத்துப்போகிறார்கள். அப்போ அவர்கள் கதி என்ன என்று மிச்சமிருப்பவர்கள் கலங்குகிறார்கள். அதற்குப் பதிலாக எழுதப்பட்ட வரி அது. அழுதுகொண்டிருந்த ஆட்களுக்கு எழுதியது. அதிலும் செத்தவர்கள் என்னாமல் நித்திரையடைந்தவர்கள் என்கிறார். ஆங்கிலத்தில் கல்லறைத் தோட்டத்துக்குச் சொல்லும் செமெட்ரி என்ற சொல்லே, தூங்கும் இடம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாம்.

அந்த ராத்திரி தூக்கம் வராமல் என்னுடைய பழைய வசனத்துக்குப் போனேன். எட்டு வயதில் மூன்று வார்த்தையைத் தவிர அந்த அதிகாரத்தில் எதையும் நான் பார்த்ததில்லை. இந்தத் தடவை முழுக்கப் படித்தேன். "நம்முடைய சிநேகிதனாகிய லாசரு நித்திரையடைந்திருக்கிறான்." சிநேகிதன் என்ற வார்த்தை இயேசுவின் வாயிலிருந்தே வருகிறது. அவனை எழுப்பப் போகிறேன் என்று அவரே சொல்லிவிட்டுத்தான் புறப்படுகிறார். கல்லறைக்கு வந்து சேரும்போது நான்கு நாள் ஆகிவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் லாசரு கட்டோடு எழுந்து வெளியே வரப்போகிறான். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணீர் விடுகிறார். இதைவிட நம்பிக்கை உள்ளவர் யார் இருக்க முடியும்? அவரிடம் போய் யாரும் அழாதீங்க என்று கையைப் பிடித்ததாக யோவான் எழுதவில்லை. சுற்றி நின்றவர்கள் சொன்னது வேறு: இதோ, இவர் இவனை எவ்வளவாய்ச் சிநேகித்தார்.

ஒரு விளக்கவுரையில் இன்னொன்று படித்தேன். மரியாளும் கூட வந்தவர்களும் அழுததற்கு கிரேக்கத்தில் ஒரு சொல், இயேசு கண்ணீர் விட்டதற்கு வேறு சொல். இந்த இரண்டாவது சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்குமே வருவதில்லையாம். நம் தமிழ் வேதத்திலும் அந்த வித்தியாசம் இருக்கிறது. அவர்கள் "அழுகிறதை" அவர் காண்கிறார், பிறகு அவர் "கண்ணீர் விட்டார்". இத்தனை வருஷம் நான் கவனித்ததே இல்லை. அவன் கவனித்திருப்பான். என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருப்பான், என் வசனத்துக்கு மதிப்பு கூடிவிடும் என்று.

ஒரு சிக்கல் மட்டும் இன்னும் இருக்கிறது. ராத்திரி ஜெபத்தில் பெயர்களை வரிசையாகச் சொல்லும் பழக்கம் எனக்கும் உண்டு. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அப்புறம் அவன். "அவனுக்கு மூச்சு சீராக இருக்கட்டும் ஆண்டவரே" என்று நாக்கு தானாகச் சொல்லிவிடுகிறது. சொன்ன பிறகுதான் நினைவு வரும். எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் வழக்கம் இல்லை. கத்தோலிக்கர்கள் வேண்டிக்கொள்வார்கள். நவம்பர் 2 அவர்களுக்கு அதற்கென்றே ஒரு நாள். உபதேச விஷயத்தில் நான் என் சபைக்காரன்தான், ஆனால் இந்த ஒன்றில் அவர்கள்மேல் கொஞ்சம் பொறாமை உண்டு. போதகரிடம் கேட்டேன். அவர் உபதேசம் எதுவும் எடுக்காமல், "பெயரை எடுக்க வேண்டாம். வினைச்சொல்லை மாற்றிப் பாருங்கள்" என்றார். பிலிப்பியருக்கு எழுதும்போது பவுல், உங்களை நினைக்கிறபொழுதெல்லாம் என் தேவனை ஸ்தோத்தரிக்கிறேன் என்கிறாரே, அந்த மாதிரி. இப்போது அவன் பெயர் வந்ததும், "அவனுக்காக ஸ்தோத்திரம்" என்கிறேன். மூன்று நாளைக்கு ஒருமுறை மூச்சும் வந்துவிடுகிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சரி, கல்லுக்கு வருகிறேன். இன்று சாயங்காலம் ஒரு தாளில் இரண்டு வசனத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். கல்லில் செதுக்குகிறவர் வார்த்தையை எண்ணமாட்டார், எழுத்தைத்தானே எண்ணுவார்? புள்ளி வைத்த எழுத்தையும் சேர்த்து விரல் விட்டு எண்ணினேன். இயேசு கண்ணீர் விட்டார்: 11. எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்: 16.

மறுபடி எண்ணினேன். 11, 16. ஐந்து எழுத்து வித்தியாசத்தில் நான்தான் ஜெயித்திருக்கிறேன். ஞாயிறு பள்ளியில் அந்த நட்சத்திரம் எனக்கு வந்திருக்க வேண்டியது. கை போனுக்குப் போய்விட்டது. அவன் எண்ணை எடுத்து, அழைக்கும் இடத்தில் விரல் வைக்கப்போகும்போதுதான் நின்றேன்.

அவன் என்ன சொல்லியிருப்பான் என்றும் தெரியும். "தமிழ் மொழிபெயர்ப்புடா. மூலபாஷையைப் பாரு." சரி என்று போனிலேயே கிரேக்க வேதத்தை எடுத்தேன். எனக்கு கிரேக்கம் தெரியாது, ஆனால் எழுத்தை எண்ண பாஷை தெரிய வேண்டியதில்லையே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாக எண்ணினேன். என்னுடையது 16. அவனுடையது 14.

அவனுடைய நோட்டை எடுத்து, 41-ம் எண்ணில் என் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் 16, 14 என்று எழுதி வைத்தேன். அப்புறம் மகளைக் கூப்பிட்டேன்.

"உங்க அப்பா வசனமே போட்டுடும்மா. எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்."

"கல்லறையிலயா மாமா?"

"அவனுக்குப் பிடிக்கும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "எத்தனை எழுத்து வரும்னு கேட்டாங்க" என்றாள்.

"பதினாறு."

"இடம் பத்துமான்னு கேட்டுட்டுச் சொல்றேன் மாமா."